கல்லு மாதிரிக் காத்தடிச்சால் ஓடுமா?

சைக்கிள் கடையில காத்தடிச்சு முடிஞ்சதும் கடைக்கார அண்ணை கடைசியா ஒரு வேலை செய்வார். பெருவிரலால ரயரை அமத்திப் பார்ப்பார். விரல் உள்ள போகாட்டி அவருக்குச் சந்தோசம். "கல்லு மாதிரி இருக்குத் தம்பி, இனிப் பறக்கலாம்."

நானும் கனகாலம் அதைத்தான் நம்பினன். ரயர் இறுகினால் சைக்கிள் லேசா ஓடும், ரயர் தொய்ஞ்சால் கால் உளையும். காப்பெற் ரோட்டில இது பெரும்பாலும் சரி. ஆனால் காப்பெற் முடிஞ்சு கிரவல் தொடங்கிற இடத்தில இந்த நம்பிக்கை பிழைச்சுப் போகுது. அது ஏன் பிழைக்குது, அதை எப்படிச் சோதிக்கிறது, யாருக்காகச் சோதிக்கிறது என்ற மூன்று கேள்வியும்தான் இந்தக் கட்டுரை.

எங்களுக்குக் 'கிரவல்' என்றால் விளக்கம் தேவையில்லை. சிவப்பு மண்ணும் சரளைக் கல்லும் கொட்டி, உருளை ஓடவிட்டு அமத்தின ரோட்டு. இரண்டு மழை பெய்தால் குழி விழும். ரிப்பரும் உழவு இயந்திரமும் கொஞ்ச நாள் ஓடினால் மேற்பரப்பு அலை அலையா வந்துவிடும். வன்னியில குளக்கட்டும் வயல் பாதையும் பள்ளிக்கூடப் பாதையும் இதுதான்.

சைக்கிள் உலகத்தில இதே சொல் இப்ப ஒரு தனி இனத்தின் பெயர். வளைஞ்ச ஹாண்டிலும் அகலமான ரயரும் உள்ள சைக்கிளுக்குக் 'கிரவல் பைக்' என்று பெயர். அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில எம்போரியா என்றொரு சிறிய நகரம் இருக்கு. அதைச் சுற்றியுள்ள பிளின்ட் ஹில்ஸ் மேடுகளில 2006 இல் தொடங்கிய ஒரு போட்டி இன்றைக்கு அந்த இனத்தின் பெரிய திருவிழா. இப்போதைய பெயர் அன்பவுண்ட் கிரவல். முக்கியமான தூரம் 200 மைல், அதாவது 320 கிலோமீட்டருக்கு மேல. அந்த மேடுகளுக்குப் பெயர் கொடுத்த பிளின்ட் கல் ரயரைக் கத்தி மாதிரிக் கிழிக்கும். அங்க எந்த ரயரைப் போடுறது, எவ்வளவு காத்தடிக்கிறது என்பதைப் பற்றி ஓட்டக்காரர் மாதக்கணக்கில மண்டையைப் போட்டு உடைப்பார்கள்.

அந்த மண்டையுடைப்பின் நடுவில இருக்கிற சொல் 'உருளல் தடை'. ஒரு சில்லு உருளும்போது ரயர் நிலத்தில பட்டு நசியும், பிறகு பழைய வடிவத்துக்குத் திரும்பும். நசிக்கக் கொடுத்த சக்தி முழுசாத் திரும்பி வராது. ஒரு பங்கு றப்பருக்குள்ளயே வெப்பமாப் போயிடும். அந்த இழப்பை நீங்கள் பெடலில காலால கட்ட வேண்டும்.

கணக்கு எளிமையானது. உருளல் தடைக்கு ஒரு குணகம் இருக்கு. சைக்கிளும் ஆளும் சேர்ந்து 80 கிலோ, வேகம் மணிக்கு 25 கிலோமீட்டர் என்று வையுங்கோ. குணகம் 0.005 என்றால் உருளல் தடைக்கு மட்டும் ஏறக்குறைய 27 வாட் வலு போகும். குணகம் 0.010 என்றால் 54 வாட். சாதாரண மனிசர் ஒருவர் நீண்ட நேரம் கொடுக்கக்கூடிய வலுவே 100 வாட் சொச்சம்தான். அதனால இது சின்ன விசயம் இல்லை.

இதை அளக்கிறதுக்குப் பெயர்பெற்ற வழி இரும்பு டிரம். நெதர்லாந்தில இருந்து இயங்கும் 'பைசிக்கிள் ரோலிங் ரெசிஸ்டன்ஸ்' என்ற தளம் இதைப் பல வருசமாச் செய்யுது. 77 சென்ரிமீட்டர் விட்டமுள்ள டிரம், அதன் மேல புடைப்புள்ள உலோகத் தகடு. ரயரை 42.5 கிலோ பாரத்தோட அதில அமத்தி, மணிக்கு 28.8 கிலோமீட்டர் வேகத்தில சுத்தவிட்டு, எத்தனை வாட் போகுது என்று பார்ப்பார்கள். அறையின் வெப்பநிலை மாறாது. அதனால இன்றைக்கு அளந்த ரயரையும் மூன்று வருசத்துக்கு முந்தி அளந்த ரயரையும் ஒரே பட்டியலில வைக்கலாம். யாருக்கும் வளைஞ்சு கொடுக்காத நேர்மையான வேலை அது. ரயர்க் கம்பெனிகளின் விளம்பர வசனங்களை விட ஆயிரம் மடங்கு நல்லது.

என்ர பிரச்சினை அந்த டிரம்மோட இல்லை. அந்தப் பட்டியலை நாங்கள் வாசிக்கிற விதத்தோட.

டிரம்மில காத்தைக் கூட்டக் கூட்ட வாட் குறையும். ரயர் இறுக இறுகக் குறைவா நசியும், அதனால இழப்பும் குறையும். அட்டவணையைப் பார்க்கிற ஆளுக்கு எழும் முடிவு ஒன்றுதான்: அதிக காத்து, அதிக வேகம். கடைக்கார அண்ணையின் பெருவிரலும் அதைத்தான் சொல்லுது. ஆனால் டிரம்மின் மேல அமர்ந்திருக்கிறது மனிசர் இல்லை, பாரம். அதுக்கு முதுகில்லை, தோள்மூட்டு இல்லை, வயிறு குலுங்காது. நீங்கள் கல்லு மாதிரி ரயரோட கிரவலில போகும்போது ஒவ்வொரு கல்லும் சைக்கிளையும் உங்களையும் மேல தூக்குது. முன்னுக்குப் போக வேண்டிய சக்தி மேலுக்கும் கீழுக்கும் போகுது. அந்த அதிர்வை உங்கட தசையும் கொழுப்பும் விழுங்கி வெப்பமாக்கும். இந்த இழப்பை ரயருக்குள்ள தேடினால் கிடைக்காது, ஏனென்றால் அது நடக்கிறது உங்கட உடம்புக்குள்ள.

ஜான் ஹைன் என்பவர் நடத்தின 'பைசிக்கிள் குவார்ட்டர்லி' சஞ்சிகை இதை வெளியில போய்ச் சோதிச்சது. நெடுஞ்சாலை ஓரத்தில, தூங்கி வழியும் சாரதிகளை எழுப்புறதுக்கென்று வெட்டப்பட்ட வரிப்பள்ளங்கள் இருக்கும். அந்தப் பள்ளங்களுக்கு மேலயும் பக்கத்திலிருந்த வழுவழுப்பான தாரிலயும் வலு அளக்கும் கருவி பூட்டின சைக்கிளை ஒரே வேகத்தில ஓட்டிப் பார்த்தார்கள். ஆளும் அதே ஆள், ரயரும் அதே ரயர். ஆனால் தேவைப்பட்ட வலு பள்ளத்துக்கு மேல பெருமளவு கூடினது. அந்தச் சோதனைகளுக்குப் பிறகு, அகலமான மெதுவான ரயர் பாரம் என்ற பழைய எண்ணம் கொஞ்சங் கொஞ்சமா உடைஞ்சது. இன்றைக்கு எம்போரியாவில மலைச் சைக்கிளுக்குச் செய்த இரண்டு அங்குலத்துக்கு மேற்பட்ட ரயரைப் போட்டுக்கொண்டு முன்வரிசை ஓட்டக்காரர் வருகிறார்கள். சில வருசத்துக்கு முந்தி 40 மில்லிமீட்டரே அவர்களுக்குத் தாராளம்.

காத்தைக் கூட்டினால் றப்பருக்குள்ள போகிற இழப்பு குறையும். அதேநேரம் உடம்புக்குள்ள போகிற இழப்பு கூடும். இரண்டையும் கூட்டிப் பார்த்தால் நடுவில எங்கேயோ ஓர் இடத்தில மொத்தம் மிகக் குறைவா இருக்கும். வழுவழுப்பான ரோட்டில அந்த இடம் உயர்ந்த அமுக்கத்தில இருக்கு. கிரவலில அது கீழ இறங்கி வரும். ரோட்டு மோசமாக மோசமாக இன்னும் இறங்கும். ஆக 'எந்த ரயர் வேகம்' என்ற கேள்விக்கு ரோட்டைச் சொல்லாமல் பதில் இல்லை.

இதில வேடிக்கை என்னவென்றால் இந்த விசயம் காத்து ரயர் பிறந்த நாளிலேயே தெரிஞ்சிருந்தது. ஸ்கொட்லாந்துக்காரர் ரொபர்ட் வில்லியம் தொம்சன் 1845 இல் காத்தடைச்ச சில்லுக்குக் காப்புரிமை எடுத்தார். அப்ப சைக்கிளே இல்லை, அவர் பூட்டினது குதிரை வண்டிக்கு. லண்டன் ரீஜன்ட்ஸ் பார்க்கில அந்த வண்டியை ஓட்டியும் காட்டினார். அவருடைய சில்லை இழுத்துப் பார்த்து வெளியிட்ட அளவுகள் இப்படி: நல்ல சமதள ரோட்டில சாதாரணச் சில்லு வண்டியை இழுக்க 45 இறாத்தல் விசை, காத்துச் சில்லுக்கு 28. புதுசா உடைச்சுக் கொட்டின கல்லில சாதாரணச் சில்லுக்கு 120, காத்துச் சில்லுக்கு 38½. திரும்ப வாசியுங்கோ. நல்ல ரோட்டில கிடைச்ச லாபம் ஒன்றரை மடங்கு சொச்சம், கல்லு ரோட்டில மூன்று மடங்கு. காத்தின் அருமை கல்லில்தான் தெரியும் என்று உலகத்தின் முதல் ரயர்ச் சோதனையே சொல்லிப்போட்டுது.

தொம்சனை உலகம் மறந்தது. நாற்பது வருசம் கழிச்சு பெல்பாஸ்ற் நகரத்தில ஜோன் பொய்ட் டன்லொப் என்ற மிருக வைத்தியர் மகனின் மூன்று சில்லுச் சைக்கிளுக்காகத் திரும்பவும் அதே விசயத்தைக் கண்டுபிடிச்சார். 1888 இல் காப்புரிமையும் எடுத்தார். பிறகு தொம்சனின் பழைய காப்புரிமை வெளியில வந்து டன்லொப்பின் உரிமை செல்லாமல் போனது வேற கதை. எனக்குப் பிடிச்சது அவர் செய்த சோதனை. பழைய சில்லு ஒன்றையும் காத்து ரியூப் சுத்தின வட்டப் பலகை ஒன்றையும் முற்றத்தில உருட்டிவிட்டார். பழையது பாதியில விழுந்தது. காத்துச் சில்லு முற்றத்தின் மறுகரை மட்டும் ஓடி, கேற்றில முட்டித்தான் நின்றது. டிரம்மும் இல்லை, வாட்டும் இல்லை. தான் ஓடுற நிலத்திலேயே அவர் உருட்டிப் பார்த்தார்.

சரி, வெளியில சோதிக்கிறது அவ்வளவு நல்லதென்றால் எல்லாரும் ஏன் டிரம்முக்குப் போனார்கள்? இதுக்கு நேர்மையாப் பதில் சொல்ல வேண்டும். வெளியில சோதிக்கிறது பெரிய தலையிடி. காத்து ஒருக்கா அடிக்கும், ஒருக்கா நிக்கும். வெயில் ஏற ஏற றப்பர் இளகி உருளல் தடையே குறையும். நீங்கள் அறியாமல் முதுகை ஒரு அங்குலம் நிமித்தினால் கணக்கு மாறும். கிரவலில நேற்றைய தடம் இன்றைக்கு இல்லை. இந்தக் குழப்பத்துக்குள்ள 5 வாட் வித்தியாசத்தைப் பிடிக்கிறது கரைச்சல். டிரம் அந்தக் குழப்பத்தையெல்லாம் கழுவி எடுக்குது. ஆனால் கழுவும்போது கிரவலும் சேர்ந்து போயிடுது. அதுதான் அதற்குக் கொடுக்கிற விலை.

ஆகவே டிரம்மைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. இரண்டு ரயரில எதின் றப்பரும் துணியும் குறைவா விழுங்குது என்று கேட்டால் டிரம் நல்லாப் பதில் சொல்லும். எவ்வளவு காத்தடிக்கிறது, எவ்வளவு அகலம் போடுறது என்று கேட்டால் அதற்குத் தெரியாது. அந்தக் கேள்விக்கு ரோட்டுத்தான் பதில் சொல்ல வேண்டும்.

இப்ப மூன்றாவது கேள்வி. இதெல்லாம் யாருக்காக?

உருளல் தடை போட்டிக்காரரின் விசயம் என்று எல்லாரும் நினைக்கிறம். ஒரு கிரவல் ரயரின் விலைக்குக் கிட்டத்தட்ட ஒரு பழைய சைக்கிளே வாங்கலாம் என்கிற நாட்டில அப்படி நினைக்கிறது இயல்புதான். ஆனால் கணக்கு நேர் எதிரா இருக்கு. மணிக்கு 30 கிலோமீட்டரில போறவருக்கு முன்னால நிக்கிற பெரிய எதிரி காத்துத் தடை. வேகம் இரட்டிச்சால் காத்துத் தடை நாலு மடங்காகும். உருளல் தடையின் விசையோ ஏறக்குறைய அப்படியே இருக்கும். அதனால மெதுவாகப் போகிற ஆளுக்குத்தான் உழைப்பின் பெரும்பங்கு ரயரில போகுது. 12 கிலோமீட்டர் வேகத்தில, முதுகில புத்தகப் பையோட, பின்னுக்குத் தங்கச்சியை டபிள் ஏத்திக்கொண்டு பள்ளிக்கூடம் போகிற பிள்ளை. கரியரில மீன்பெட்டியோ விறகோ கட்டிக்கொண்டு வாற ஐயா. எம்போரியாவின் வெற்றியாளரைவிட இவர்களுக்குத்தான் இந்தக் குணகம் முக்கியம்.

ஒரு கணக்குப் பாருங்கோ. குணகம் 0.010 இல் இருந்து 0.015 ஆகக் கூடினால், உருளல் தடையை மட்டும் பொறுத்தவரை 10 கிலோமீட்டர் போறது 15 கிலோமீட்டர் போனதுக்குச் சமன். பிழையான காத்தோட போற பிள்ளை ஒவ்வொரு நாளும் இல்லாத ஐந்து கிலோமீட்டரைச் சேர்த்து மிதிக்குது. வகுப்பில முதலாம் பாடத்தில கொட்டாவி விட்டால் பிள்ளையில பிழை சொல்லுவம். சில்லை யாரும் பார்க்கிறதில்லை.

2022 இல பெற்றோல் வரிசை கிலோமீட்டர் கணக்கில நீண்டபோது மூலையில கிடந்த சைக்கிளெல்லாம் திரும்ப ரோட்டுக்கு வந்தது. பெரியாக்களுக்கு அது 90 களை ஞாபகப்படுத்தியிருக்கும். சைக்கிளில்தான் குடும்பமே நகர்ந்த காலம் அது. இவ்வளவு காலம் சைக்கிளோட வாழ்ந்த சமூகம் நாங்கள். இருந்தும் எங்கட ரோட்டில, எங்கட பாரத்தோட, எங்கட வெயிலில எந்த அமுக்கம் சரி என்று நாங்கள் எழுதி வைத்த ஒரு பக்கம்கூட என் கண்ணில படவில்லை. 42.5 கிலோ பாரத்தில நெதர்லாந்து அறையில எடுத்த எண்ணை வாசிச்சுவிட்டு ஒன்லைனில ரயர் பார்க்கிறம். எனக்கு இதுதான் உறைக்குது.

இதுக்கு ஆய்வுகூடம் தேவையில்லை. பாடசாலை விஞ்ஞானக் கழகமே செய்யலாம். நானும் ஒரு நண்பனும் குளக்கட்டொன்றில செய்து பார்த்தம். குளக்கட்டு நல்ல இடம்: நீளமா, நேரா, மட்டமா இருக்கும், விடியப்பறம் வாகனமும் வராது. ஒரு கோடு கீறுங்கோ. கோட்டுக்கு வரும்போது வேகம் மணிக்குச் சரியா 10 கிலோமீட்டர் இருக்க வேண்டும். வேகம் பார்க்கக் கைத்தொலைபேசி போதும், சைக்கிள் மீற்றர் இருந்தால் இன்னும் நல்லது. கோட்டில மிதிக்கிறதை நிப்பாட்டி, அசையாமல் இருந்து, சைக்கிள் தானா நிக்கும் மட்டும் விடுங்கோ. நின்ற இடத்துக்குத் தூரம் அளவுங்கோ. காத்துத் தடையைக் கணக்கில எடுக்காவிட்டால், குணகம் 0.010 என்றால் ஏறக்குறைய 39 மீட்டர் ஓடும், 0.015 என்றால் 26 மீட்டர். மீட்டர் நாடாவில பிடிபடுற வித்தியாசம் இது.

நாங்கள் முதல் நாள் விட்ட பிழையையும் சொல்லிவிடுறன். இறுக்கமான காத்தோட எல்லாத் தடவையும் ஓடி முடிச்சுவிட்டுப் பிறகு காத்தைக் குறைச்சம். அதுக்குள்ள குளத்துப் பக்கமிருந்து காத்து எழும்பிவிட்டுது. அன்றைய கொப்பி குப்பைக்குப் போனது. அடுத்த முறை கூட, குறைய, குறைய, கூட என்று மாறி மாறி ஓடினம். இரண்டு திசையிலும் ஓடினம். காத்தடிக்கிற ஆள் எவ்வளவு அடிச்சது என்று ஓடுற ஆளுக்குச் சொல்லாமல் விட்டார், ஏனென்றால் தெரிஞ்சால் மனம் ஏமாத்தும். கல்லு மாதிரி இறுக்கின ரயர் பெரும்பாலான தடவை முந்தியே நின்றது. ஆனால் ஓடும்போது அதுதான் வேகமா இருந்த மாதிரி இருந்தது என்று நண்பன் சத்தியம் பண்ணினான். அதிர்வைத்தான் நாங்கள் வேகம் என்று நினைக்கிறம் போல.

ஒரு எச்சரிக்கையும் சேர்க்க வேண்டும். இதை வாசிச்சுவிட்டு நாளைக்கே பாதிக் காத்தை இறக்கிவிட்டு டபிள் போகாதீங்கோ. காத்து மிகவும் குறைஞ்சால் றிம் கல்லில இடிக்கும், ரியூப் இரண்டுக்கும் நடுவில கடிபட்டுப் பக்கத்துக்குப் பக்கம் இரண்டு ஓட்டை விழும். ரயர் றிம்மில வழுக்கினால் வால்வடி கிழியும். பாரம் பின்னுக்குத்தான் கூட, அதனால பின் ரயருக்கு எப்பவும் முன்னதைவிடக் கொஞ்சம் கூட வேண்டும். ஆள் ஏத்தினால் இன்னும் கூட்டுங்கோ. ரயரின் பக்கவாட்டில எழுதியிருக்கிறது பெரும்பாலும் உச்ச அளவு, அது ஒரு எல்லை. அதில இருந்து சிறிது சிறிதா இறக்கி, ஒவ்வொரு தடவையும் அளந்து, கூடத் தூரம் ஓடுற இடத்தில நில்லுங்கோ. றிம் இடிக்கத் தொடங்கினால் அதுக்கு மேல இறக்காதீங்கோ.

புது ரயர் வாங்கக் காசில்லாத ஆளுக்கும் இது சரிவரும். அளவுமானி ஒன்றும் ஒரு விடியக்காலையும் போதும். ஒரு பள்ளிக்கூடத்தில பத்துப் பிள்ளைகள் சேர்ந்து, எந்த ரோட்டு, எவ்வளவு பாரம், எவ்வளவு காத்து, எத்தனை மீட்டர் என்று ஒரு கொப்பியில எழுதினால் அடுத்த வருசம் வாற பிள்ளைக்கு அதுதான் பட்டியல். அதில இருக்கிறது அந்தப் பிள்ளை ஓடப்போற ரோட்டு.

போன கிழமை திரும்பவும் கடைக்குப் போனன். அண்ணை அடிச்சு முடிச்சு, பெருவிரலால அமத்தி, "கல்லு மாதிரி" என்றார். "அண்ணை, கொஞ்சம் இறக்கி விடுங்கோ, நான் கிரவலால போறன்" என்றன். என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். பிறகு வால்வை அமத்தி உஸ் என்று விட்டுக்கொண்டே கேட்டார்: "எவ்வளவு தம்பி?"

அந்தக் கேள்வியை அவர் கேட்டு நான் கேட்டது அதுதான் முதல் தடவை.